55 தலைக்கு ஒரு நாற்காலி

பேரையூர் தாலுகாக்காரர்களுக்கு இந்திய ஜனநாயகத்தில் ஒரு ஸ்பெஷல் சலுகை உண்டு. தாலுகா ஒன்று, எம்.பி. இரண்டு. டி.கல்லுப்பட்டிப் பக்கம் திருமங்கலம் சட்டமன்றத் தொகுதி வழியாக விருதுநகர் எம்.பி.யிடம் போகிறது. சேடபட்டிப் பக்கம் உசிலம்பட்டி வழியாகத் தேனி எம்.பி.யிடம் போகிறது. இருப்பது மதுரை மாவட்டத்தில், மதுரை எம்.பி.க்கும் இவர்களுக்கும் மட்டும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொகுதிக் கோடு போட்ட புண்ணியவானை நடுவில் யாரோ டீ குடிக்கக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இதில் கல்லுப்பட்டிப் பக்கத்து ஜனங்களுக்கு இன்னொரு கொடுப்பினை. விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூர் மக்களவையில் காங்கிரஸ் கட்சியின் கொறடா. ஓட்டெடுப்பு மணி அடிக்கும்போது சொந்தக் கட்சி எம்.பி.க்கள் கேன்டீனில் உட்கார்ந்துவிடாமல் உள்ளே ஓட்டிக்கொண்டு வரும் உத்தியோகம். எவ்வளவு பெரிய பதவி!

அவை முன்னவர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமைக் கொறடா என்று டி.வி.யில் பட்டங்கள் உருளும்போது, அம்பேத்கர் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து எழுதி வைத்த பதவிகள் என்றுதான் நமக்குத் தோன்றும். புரட்டிப் பாருங்கள். 1950-ல் வந்த அரசியல் சட்டத்தில் சபாநாயகர் இருக்கிறார். துணைச் சபாநாயகர் இருக்கிறார். சபை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்குகூட இருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவர்? ஊஹூம். கொறடா? ம்ஹூம். அட, அரசியல் கட்சி என்று ஒன்று இந்த நாட்டில் இருப்பதாகவே அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது!

தெரியவந்தது 35 வருஷம் கழித்து. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறி, வட இந்தியா முழுக்க 'ஆயா ராம், கயா ராம்' என்று புகழ்பெற்றார். அவரைப் பார்த்து நிறையப் பேர் ஓட்டப் பயிற்சி எடுக்க, 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. 'அரசியல் கட்சி' அரசியல் சட்டத்துக்குள் காலடி வைத்தது அப்போதுதான். கட்சி இருந்தபோது தெரியவில்லை; ஆள் ஓடிப்போன பிறகுதான் கட்சி இருந்த விஷயமே தெரிந்திருக்கிறது.

'சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன மரபு, எழுதி வைக்கத் தேவையில்லை' என்பீர்கள். அந்த மரபின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். 1826-ல் லண்டன் பார்லிமென்ட்டில் ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர் எழுந்தார். மன்னரின் மந்திரிகளை எதிர்த்துப் பேசுவது மந்திரிகளுக்குக் கஷ்டம் என்கிறார்கள், அதைவிட மன்னரின் எதிர்க்கட்சிக்கு அல்லவா கஷ்டம் என்று ஒரு கிண்டலை எடுத்துவிட்டார். சபை சிரித்தது. சிரித்துவிட்டு அந்தப் பெயரையே சீரியஸாக வைத்துக்கொண்டது. 111 வருஷம் கழித்து, 1937-ல், எதிர்க்கட்சித் தலைவருக்கு வருஷம் 2,000 பவுன் சம்பளம் என்று சட்டமே போட்டார்கள். உலக வரலாற்றில் ஒரு ஜோக்குக்குக் கிடைத்த அதிகபட்ச சன்மானம் இதுவாகத்தான் இருக்கும்.

நம்மூரிலும் வெள்ளைக்காரன் காலத்திலேயே டில்லியில் ஒரு மத்திய சட்டசபை இருந்தது. 1935 முதல் அதில் காங்கிரஸ் கட்சித் தலைவர் புலாபாய் தேசாய். பிறகு துணைத் தலைவரானவர் நம்ம திருமயத்து தீரர் சத்தியமூர்த்தி. சென்னைக்குப் பூண்டி நீர்த்தேக்கம் கொண்டுவந்தவர். இன்று காங்கிரஸ்காரர்கள் ஒருவர் வேட்டியை ஒருவர் கிழித்துக்கொள்ளும் பவனுக்கும் பாவம் அவர் பெயர்தான். இவர்கள் இருவரும் பேசிப் பேசியே சர்க்காரை ஓட்டெடுப்பில் தோற்கடிப்பார்கள். பட்ஜெட்டையே தோற்கடித்திருக்கிறார்கள். சர்க்கார் கவிழ வேண்டுமே? கவிழாது. வைஸ்ராய் ஒரு கையெழுத்துப் போட்டால் தோற்ற மசோதா ஜெயித்த மசோதா ஆகிவிடும். உலகத்திலேயே எதிர்க்கட்சி தினம் ஜெயித்து, ஆளுங்கட்சி தினம் ஆண்ட ஒரே சபை!

சுதந்திரம் வந்தது. இனிமேல் ஓட்டெடுப்பில் தோற்றால் நிஜமாகவே வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு எதிர்க்கட்சி வேண்டுமல்லவா? 1952 தேர்தலில் 489 இடத்தில் காங்கிரசுக்கு 364. அடுத்த பெரிய கட்சி கம்யூனிஸ்ட். எத்தனை இடம்? 16. எதிரே உட்கார வைக்கவே ஆளில்லை.

சபாநாயகர் மாவ்லங்கர் கணக்கில் கறாரான மனிதர். சபை நடக்கப் பத்தில் ஒரு பங்கு ஆள் வேண்டும். அப்படியானால் கட்சி என்று சொல்லிக்கொள்ளவும் பத்தில் ஒரு பங்கு ஆளாவது வேண்டும் என்றார். நீ ஒருத்தனாகவே சபையை நடத்துகிற அளவுக்குக் கூட்டம் வைத்திருந்தால் கட்சி, இல்லாவிட்டால் 'குரூப்'. ஏ.கே.கோபாலன் நாடறிந்த கம்யூனிஸ்ட் தலைவர், சபையே காது கொடுத்துக் கேட்கும். ஆனால் பேப்பரில் அவர் குரூப் அட்மின்தான். இந்தியா காஃபி ஹவுஸ் ஊழியர்களைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கமாக்கியவர் அவர். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி கிடைக்காதவரின் தயவில் நாட்டுக்குக் காப்பிக் கடை நாற்காலியாவது கிடைத்தது.

1957-ல் தி.மு.க.விலிருந்து இரண்டு பேர் மக்களவைக்குப் போனார்கள். நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி.சம்பத், திருவண்ணாமலையிலிருந்து தர்மலிங்கம். தலைவர் ஒருவர், தொண்டர் ஒருவர் என்ற அளவான குடும்பம். 1961-ல் சம்பத் கட்சியை விட்டே விலகினார். ஒரே ஆள் விலகி நாடாளுமன்றக் கட்சி செங்குத்தாக இரண்டாகப் பிளந்த அதிசயம் அது.

இப்படியே 17 வருஷம் போயிற்று. நேரு போனார், சாஸ்திரி போனார், நாற்காலி மட்டும் காலி. கடைசியில் அதில் உட்கார ஆளை அனுப்பியது யார் தெரியுமா? காங்கிரஸ்!

இந்தக் கதைக்கு நாம் விருதுநகர் வரை போய்வர வேண்டும். பேரையூருக்கு ஒன்றும் தூரமில்லை.

காமராஜர் பதவி விஷயத்தில் விசித்திரமான மனிதர். 1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, செயலாளர் காமராஜர். 1940-ல் தலைவர் காமராஜர், செயலாளர் சத்தியமூர்த்தி. குருவும் சிஷ்யனும் சத்தமில்லாமல் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இன்று ஒன்றியச் செயலாளர் பதவியை இப்படி மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், ஆம்புலன்ஸுக்கு முதலில் சொல்லிவிட்டு.

அந்தக் காமராஜர் டில்லிக்குப் போய் இரண்டு பிரதமர்களை உருவாக்கினார். 1964-ல் சாஸ்திரியை ஓட்டெடுப்பே இல்லாமல், எம்.பி.க்கள் ஒவ்வொருவராகக் கலந்து பேசியே. 1966-ல் மொரார்ஜி தேசாய் மட்டும் ஒத்துவரவில்லை, போட்டி வைத்தே தீருவேன் என்றார். வைத்தார்கள். காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் இந்திரா காந்தி 355, மொரார்ஜி 169. பின்னால் பெரியவர்கள் இருக்கிறார்கள், இந்தப் பெண் சொன்னபடி கேட்கும் என்பது பெரியவர்களின் கணக்கு. பெரியவர்கள் கணக்கில் எப்போதுமே வீக்.

அடுத்த வருஷமே காமராஜர் சொந்த ஊர் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். பிரதமரை உண்டாக்கியவரால் ஒரு எம்.எல்.ஏ.வை உண்டாக்க முடியவில்லை! 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குள் போனார். நவம்பரில் கட்சி உடைந்தது. இந்திராவையே காங்கிரஸிலிருந்து நீக்குகிறோம் என்று கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா அறிவித்தார். பிரதமர் பதவியில் இருப்பவரைக் கட்சியிலிருந்து நீக்கினால் என்ன ஆகும்? கட்சிதான் பிரதமரிடம் போகும். நீக்கியவர்கள், காமராஜர் உட்பட, நேராக எதிர்ப் பெஞ்சுக்குப் போனார்கள்.

அங்கே தலையை எண்ணிப் பார்த்தால், அட! மாவ்லங்கர் கேட்ட பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. அப்போதுதான் சுதந்திர இந்தியாவுக்கு முதல் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர் கிடைத்தார்: பீகாரின் ராம் சுபக் சிங். அமெரிக்காவில் பிஎச்.டி. வாங்கியவர். முந்தின மாசம் வரை இதே இந்திராவின் ரயில்வே மந்திரி. நாட்டின் முதல் எதிர்க்கட்சித் தலைவர் எதிர்க்கட்சிக்காரரே இல்லை.

உச்சகட்டம் இனிமேல்தான். பெரும்பான்மை இழந்த இந்திராவைத் தூக்கி நிறுத்தியது யார்? கம்யூனிஸ்ட்டுகளும், 25 எம்.பி.க்களோடு தி.மு.க.வும். அதாவது காமராஜரை விருதுநகரில் தோற்கடித்த கட்சி, காமராஜர் உருவாக்கிய பிரதமரைக் காமராஜரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. 1971 தேர்தலில் தமிழ்நாட்டிலிருந்து அவர் கட்சிக்கு ஒரே ஒரு மக்களவை இடம்; நாகர்கோவில்; அதுவும் அவரே. நாடு முழுக்கச் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கு தேறவில்லை. நாற்காலி மறுபடி காலி.

நெருக்கடி நிலையின்போது எதிர்க்கட்சித் தலைவர்கள் பலரும் ஒன்றாக உட்கார நாற்காலி அல்ல, ஜெயில் கிடைத்தது. 1977-ல் வெளியே வந்து ஆட்சியைப் பிடித்த ஜனதாக்காரர்கள் பெருந்தன்மையாக ஒரு சட்டம் போட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கு மந்திரிக்குச் சமமான சம்பளம், பங்களா, படிகள். முதல் ஆளாகச் சம்பளம் வாங்கியது யார்? காங்கிரஸின் ஒய்.பி.சவாண், நெருக்கடி நிலையில் வெளியுறவு மந்திரியாக இருந்தவர். ஜெயிலில் இருந்து வந்தவர்கள், ஜெயிலில் போட்ட சர்க்காரில் இருந்தவருக்குச் செக் எழுதினார்கள்.

சம்பளம் வந்ததும் நாற்காலிக்குக் கிராக்கி வந்துவிட்டது. 1978-ல் காங்கிரஸ் மறுபடி உடைந்தது (அதற்கு அது ஒரு பொழுதுபோக்கு). எம்.பி.க்கள் இந்திரா பக்கம் நகர நகர, சவாண் எழுந்தார், கேரளத்து சி.எம்.ஸ்டீபன் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் கர்நாடக முதல்வர் தேவராஜ் அர்ஸ் தன் மாநில எம்.பி.க்களைக் கூட்டிக்கொண்டு இந்திராவை விட்டு விலக, கணக்கு மாறியது. ஸ்டீபன் எழுந்தார், சவாண் மறுபடி உட்கார்ந்தார். இது 1979 ஜூலை 10.

உட்கார்ந்த சூட்டோடு சவாண் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். கொண்டுவந்தவரே எதிர்பார்க்காத மாதிரி ஜனதா பொலபொலவென்று உதிர்ந்தது. 15-ம் தேதி பிரதமர் மொரார்ஜி ராஜினாமா. ஜனாதிபதி சஞ்சீவ ரெட்டி, 'நீங்களே ஆட்சி அமைத்துப் பாருங்களேன்' என்று சவாணைக் கூப்பிட்டார். சவாண் நாலு நாள் தலையை எண்ணினார், பத்தவில்லை என்று ஒப்புக்கொண்டார். 28-ம் தேதி சரண் சிங் பிரதமர். துணைப் பிரதமர் யார்? சவாண்! மாத நடுவில் எதிர்க்கட்சித் தலைவர், மாதக் கடைசியில் துணைப் பிரதமர். காலியான நாற்காலியில் 29-ம் தேதி ஜகஜீவன் ராம் வந்து உட்கார்ந்தார், அதே மாதம் வரை ஆளுங்கட்சி மந்திரியாக இருந்தவர். ஒரே ஜூலையில் மூன்று எதிர்க்கட்சித் தலைவர்கள். அந்த மாசச் சம்பளப் பில்லைப் போட்ட குமாஸ்தாவுக்கு யாராவது சிலை வைத்திருக்க வேண்டும்.

சரண் சிங் விஷயம் அதைவிட அழகு. மக்களவையைச் சந்திக்க வேண்டிய நேரத்தில் இந்திரா ஆதரவை வாபஸ் வாங்கினார். பிரதமராக ஒரு நாள்கூட சபையைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார். அந்த ஆகஸ்டில் அவர் மந்திரிசபையில் அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் சேர்ந்தார்கள். டில்லி மந்திரிசபையில் திராவிடக் கட்சி முதன்முதலாகக் கால் வைத்த வரலாற்றுத் தருணம். வைத்த காலை எடுக்கக்கூட நேரம் தராமல் சபையைக் கலைத்துவிட்டார்கள்.

பிறகு 1980 முதல் 1989 வரை நாற்காலிக்குத் தூசி தட்டக்கூட ஆளில்லை. 1984-ல் ராஜீவ் காந்திக்கு 400-க்கு மேல் இடம். எதிரே பெரிய கட்சி, ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு சினிமாக்காரர் ஆரம்பித்த தெலுங்கு தேசம், 30 பேர். கேட்டிருந்தாலும் கிடைக்காது: பத்தில் ஒரு பங்கு எங்கே? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் மறந்துவிட்டது.

1989 டிசம்பர் 1. நாடாளுமன்ற மைய மண்டபம். ஜனதா தளத்தின் எம்.பி.க்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருக்கிறார்கள், அவர்தான் பிரதமர். வி.பி.சிங்கா, இல்லையா என்பதுதான் சண்டை. அவரைக் கண்டால் சக தலைவர் சந்திரசேகருக்கு ஆகாது. வி.பி.சிங்கே எழுந்து தேவி லால் பெயரை முன்மொழிகிறார். ஹால் வாயைப் பிளக்கிறது. சந்திரசேகருக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருக்கிறது. ஏகமனதாகத் தேர்வு. ஹரியானாப் பெரியவர் தேவி லால் நன்றி சொல்ல எழுகிறார். நான் எல்லோருக்கும் பெரியப்பா, பெரியப்பாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இந்த மகுடம் வி.பி.சிங்குக்கு என்று கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சில நிமிஷத்தில் நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் தேர்வு! சந்திரசேகர் கோபத்தோடு வெளியேறினார். எல்லாம் முன்கூட்டியே ரகசியமாகப் பேசி வைத்த நாடகம், அவருக்கு மட்டும் ஸ்கிரிப்ட் தரவில்லை.

மகுடத்தைத் தூக்கிக் கொடுத்த தியாகி மறுநாள் பதவியேற்பில் என்ன செய்தார் தெரியுமா? ஜனாதிபதி நம்ம ராஜாமடத்து ஆர்.வெங்கட்ராமன் உறுதிமொழி வாசகத்தை எடுத்துக் கொடுக்கிறார்: 'மந்திரி'. தேவி லால் சொல்கிறார்: 'உபப் பிரதம மந்திரி'. வெங்கட்ராமன் வழக்கறிஞர், வாசகம் தப்பக் கூடாது, திருத்துகிறார். தேவி லால் விவசாயி, போட்ட வரப்பை மாற்ற மாட்டார். மறுபடி உபப் பிரதம மந்திரி. அப்படி ஒரு பதவியே அரசியல் சட்டத்தில் இல்லையே என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பட்டம் வெறும் அலங்காரம், மந்திரிக்கான உறுதிமொழி செல்லும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பதவியைத் துறப்பது சுலபம். பட்டத்தைத் துறப்பதுதான் கஷ்டம் போல.

ஸ்கிரிப்ட் கிடைக்காத சந்திரசேகர் சும்மா இருப்பாரா? 11 மாதத்தில் அறுபது சொச்சம் எம்.பி.க்களோடு பிரிந்து வந்து தானே பிரதமரானார். முட்டுக் கொடுத்தது ராஜீவ் காந்தி. அந்த ராஜீவ் அப்போது யார்? அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர்! டிசம்பர் கடைசியில் அத்வானி வரும் வரை, ஆட்சியைத் தாங்கிப் பிடித்தவரே அதை எதிர்ப்பதற்கான சம்பளத்துக்கும் உரியவராக இருந்தார். 1991 மார்ச்சில், ராஜீவ் வீட்டு வாசலில் இரண்டு ஹரியானா போலீஸ்காரர்கள் வேவு பார்த்தார்கள் என்ற புகாரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. எதிர்க்கட்சித் தலைவர் வேலையைக் கொஞ்சம் தாமதமாகச் செய்தார், அவ்வளவுதான்.

டில்லியைப் பார்த்து ரொம்பச் சிரிக்காதீர்கள். 1991-ல் நம்ம சட்டசபையில் அ.தி.மு.க. ஆளுங்கட்சி, அதோடு கூட்டணி வைத்து ஜெயித்த காங்கிரஸ் எதிர்க்கட்சி. எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம் எதிர்க்கட்சித் தலைவர். அந்தச் சபையின் சபாநாயகர் நம்ம சேடபட்டி முத்தையாதான். 1996-ல் ஆட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை: தி.மு.க. ஆளுங்கட்சி, கூடவே ஓட்டுக் கேட்ட த.மா.கா. எதிர்க்கட்சி. மேடையில் ஒரே மைக்கில் பேசியவர்கள் சபையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் எப்படித் திட்டுவது என்று திணறியிருப்பார்கள்.

முத்தையா பிறகு 1998-ல் பெரியகுளத்தில் ஜெயித்து மத்திய மந்திரியுமானார். சில வாரங்கள். அந்த 1998 சபைக்கு மதுரை அனுப்பி வைத்தவர் இன்னும் சுவாரசியம்: சுப்பிரமணியன் சுவாமி. ஜனதா கட்சியின் ஒரே மக்களவை உறுப்பினர். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு வசதி! நாடாளுமன்றக் கட்சித் தலைவரும் அவரே, கொறடாவும் அவரே. தனக்குத் தானே உத்தரவு போட்டு, அதற்குத் தானே கட்டுப்பட்டு, கட்சி பிளந்தால் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒற்றை ஆளாக என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். 1999 மார்ச் 29 அன்று டில்லி அசோகா ஹோட்டலில் ஒரு டீ பார்ட்டி கொடுத்தார். விருந்தினர்களில் இருவர், ஜெயலலிதாவும் சோனியாவும். அடுத்த மாதம் அ.தி.மு.க. வாஜ்பாய் அரசுக்கான ஆதரவை விலக்கியது. ஏப்ரல் 17 அன்று நம்பிக்கை ஓட்டெடுப்பு. எல்லாக் கட்சிக் கொறடாக்களும் தூக்கமில்லாமல் ஆள் பிடித்தார்கள். காங்கிரஸ் ஒரிசா முதலமைச்சர் கிரிதர் கமாங்கையே இழுத்து வந்தது, முதல்வராகியும் எம்.பி. பதவியை இன்னும் விடாமல் வைத்திருந்தார் மனுஷர். வாஜ்பாய்க்கு 269, எதிராக 270. சேர்மன் தேர்தலில்கூடப் பார்க்க முடியாத வித்தியாசம்.

ஜெயித்த பக்கத்து எதிர்க்கட்சித் தலைவருக்கு என்ன பரிசு? அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் சரத் பவார். ஆட்சி கவிழ்ந்து ஐந்தே வாரத்தில், சோனியாவின் வெளிநாட்டுப் பிறப்பைக் கிளப்பியதற்காகக் காங்கிரஸ் அவரை நீக்கியது. அவர் புதுக்கட்சி ஆரம்பித்தார். அக்டோபருக்குள் மகாராஷ்டிரத்தில் அந்தப் புதுக்கட்சியும் காங்கிரஸும் கூட்டணி ஆட்சி. டீ ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்கூட இவர்கள் கோபம் ஆறுவதற்கு எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது அந்தப் பழைய கேள்வி. பத்தில் ஒரு பங்கு எங்கே? 2014-ல் 543 பேர் சபை. வேண்டியது 55 தலை. காங்கிரஸிடம் இருந்தது 44. மனுக் கொடுத்தார்கள். 1977 சட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்று எங்கேயும் இல்லை, பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் என்றுதான் இருக்கிறது என்று வாதாடினார்கள். அதே வரியில் சபாநாயகரின் அங்கீகாரம் வேண்டும் என்றும் இருக்கிறதே! சபாநாயகர் சுமித்ரா மகாஜன் பழைய ஃபைலை எடுத்துக் காட்டினார். 1980-லும் 1984-லும் நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்த சபைகள் யாருடையவை? காங்கிரஸ் தான் வெட்டிய குழியின் ஆழத்தை 30 வருஷம் கழித்து உள்ளே நின்று அளந்தது.

லோக்பால் தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் வேண்டும் என்று சட்டம். அப்படி ஒருவர் இல்லையே? காங்கிரஸ் குழுத் தலைவர் மல்லிகார்ஜுன கார்கேயை 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு வாங்க, ஆனால் பந்தியில் உட்காராதீங்க என்கிற மாதிரி. ஓட்டுப் போட முடியாத இடத்துக்கு நான் எதற்கு என்று கார்கே போகவே இல்லை.

2019-ல் காங்கிரசுக்கு 52. மூன்று பேர் குறைவு! தலைநகரிலேயே இன்னொரு சபையில் இதற்கு நேர்மாறு. 2015 டில்லி சட்டசபையில் 70-ல் 67 ஆம் ஆத்மிக்கு; பி.ஜே.பி.க்கு மூன்றே பேர், ஒரே ஆட்டோவில் மொத்த எதிர்க்கட்சியும் வந்து இறங்கலாம். அவர்களில் விஜேந்தர் குப்தாவுக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி கொடுத்தார்கள். ஒரு சபையில் மூன்று பேர் போதும்; சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சபையில் மூன்று பேர் போதவில்லை. இது போதாதென்று 2019 முதல் 2024 வரை மக்களவைக்குத் துணைச் சபாநாயகரே தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பதவி அரசியல் சட்டத்தில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருந்து என்ன பயன்?

2024-ல் காங்கிரஸ் 99-க்கு வர, பத்து வருஷம் கழித்து நாற்காலிக்கு ராகுல் காந்தி வந்தார். அப்பா, அம்மா உட்கார்ந்த அதே நாற்காலி. பாட்டிக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. 1977-ல் ரே பரேலியில் தோற்றதால் அப்போது அவருக்கு சபையே கிடைக்கவில்லை.

தி.மு.க.வுக்கு அந்தத் தேர்தலில் 22 மக்களவை உறுப்பினர்கள். கட்சி உடனே பொறுப்புகளை அறிவித்தது. நாடாளுமன்றக் குழுத் தலைவர் கனிமொழி. மக்களவைக் குழுத் தலைவர் டி.ஆர்.பாலு. துணைத் தலைவர் தயாநிதி மாறன். கொறடா ஆ.ராசா. பொருளாளர் ஜெகத்ரட்சகன். 22 பேரில் ஐந்து பேர் பொறுப்பாளர்கள், மீதி 17 பேர் பொறுமையாளர்கள். கட்சிகளின் தலைவர்களுக்கும் கொறடாக்களுக்கும் செயலக வசதி செய்து தர 1998-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குக் குறைந்தது 30 பேர் வேண்டும். 30 இருந்தால் அந்தத் தலைவருக்குச் சட்டப்படி டெலிபோன் உண்டு. 22 பேர் வைத்திருப்பவர் தன் செல்போனுக்குத் தானே ரீசார்ஜ் செய்துகொள்ள வேண்டியதுதான்.